கத்தரிதான் இங்கே குளிர்காலம்: திராட்சைப் பந்தலில் மார்கழி, தை வேலைகள்

மார்கழி விடியலில் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கம் பல் கிட்டிப்போகும். மலை இறங்கிக் கோமுகி அணைக்கு வந்தால் தோளில் ஒரு துண்டு போதும். இந்தக் குளிருக்கெல்லாம் திராட்சைக் கொடி தூங்கிவிடாது. பிரான்சின் ஒயின் தோட்டங்களில் இலை தானாக உதிர்ந்து, கொடி மாதக்கணக்கில் உறங்கும்; அந்த உறக்கத்தில்தான் கிளை வெட்டுவார்கள். நம் ஊரில் கொடி வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். அதற்கு ஓய்வு கொடுப்பதும், பிறகு எழுப்பிவிடுவதும் நம் கை வேலை. அதன் பெயர் கவாத்து.

கள்ளக்குறிச்சி கரும்பும் மரவள்ளியும் கண்ட மண். திராட்சைக்குப் பாடம் கேட்க வேண்டிய இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் ரகம்தான் அங்கே பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பந்தல் ஏறி இரண்டு வயது தாண்டிய பன்னீர் கொடிக்கான முறை இது.

1. மழை விடட்டும்

டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. ஆனால் நமக்கு வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுக்கும். மழைக்குள் வெட்டினால் இளந்தளிரில் அடிச்சாம்பல் நோய் ஏறிவிடும். ஆகவே அவசரம் வேண்டாம். வானம் வெளுத்த பிறகு, மார்கழி நடுவிலிருந்து தை வரை நாள் குறியுங்கள். கல்வராயன் மலைமேல் பனிமூட்டம் இலையை நெடுநேரம் ஈரமாக வைத்திருக்கும். குளிரில் கிளையின் முளைக்கண் விழிப்பதும் தாமதமாகும். புதிதாகத் தொடங்குபவருக்கு அடிவாரமே நல்லது.

2. பாசனத்தை நிறுத்துங்கள்

குறித்த நாளுக்கு 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். இந்தத் தாகம்தான் கொடிக்கு நாம் கொடுக்கும் ஓய்வு. கொடி ஓடுவது நின்று, கிளை முற்றி, சத்து உள்ளே தங்கும். ஈர மண்ணில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

3. கிளையைப் பார்த்து வெட்டுங்கள்

பனி காய்ந்த பிறகு பந்தலுக்குள் போங்கள். பழுப்பேறி, பென்சில் கனத்தில் இருப்பது முற்றிய கிளை. அதில் அடியிலிருந்து 4 அல்லது 5 கண் விட்டு மேலே உள்ளதை வெட்டுங்கள். பச்சையாகவோ நோஞ்சானாகவோ இருந்தால் ஒன்றிரண்டு கண் மட்டும் விடுங்கள். அது அடுத்த முறை காய்க்கப்போகும் கிளைக்கு அடித்தளம். கடைசிக் கண்ணுக்கு அரை அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக, ஒரே வெட்டு. நசுங்கினால் கத்தரி மழுங்கிவிட்டது, தீட்டுங்கள். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கும் வேலை இது. கழுத்து பிடித்துக்கொள்ளும், ஆட்களை மாற்றி மாற்றி விடுங்கள்.

4. பட்டையை உரியுங்கள்

தண்டில் தொங்கும் காய்ந்த பட்டைக்கு அடியில்தான் தளிர் தின்னும் வண்டு முட்டை வைக்கும். கையாலேயே உரித்துவிடலாம். உரித்த பட்டையையும் வெட்டிய கிளையையும் பந்தலடியில் விடாமல் அள்ளி வெளியேற்றுங்கள்.

5. போர்டோ கலவை அடியுங்கள்

1880-களில் பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்துவைப்பார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்று மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். திருடனுக்கு வைத்த மருந்து நோய்க்குக் கேட்டது.

1 சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தண்ணீரைப் பாதியாகப் பிரித்துத் தனித்தனியே கரையுங்கள். பிளாஸ்டிக் வாளி சரி, இரும்போ அலுமினியமோ கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்கள். அலகு அப்படியே வந்தால் தண்டும் கிளையும் நனைய அடியுங்கள். நாளைக்கு என்று மிச்சம் வைக்காதீர்கள்.

6. கண்ணை எழுப்புங்கள்

கண்கள் ஒன்றுபோல முளைக்க, வெட்டிய ஓரிரு நாளில் ஹைட்ரஜன் சயனமைடு பூசுவதுண்டு. கடுமையான விஷம். அளவைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம். பூசுபவர் முந்தின நாளும் பூசியபின் ஒரு வாரமும் மது தொடக் கூடாது. தொட்டால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். மக்கிய தொழு உரம் வைத்து, நிறுத்திய பாசனத்தைத் தொடங்குங்கள்.

7. தளிரையும் கொத்தையும் திருத்துங்கள்

காய்க்கும் தளிரை 12 முதல் 15 கண்ணில் கிள்ளி நிறுத்துங்கள். பற்றுக்கம்பிகளை நீக்குங்கள். பிஞ்சு பிடித்ததும் கொத்துகளைப் பந்தலில் கட்டுங்கள். காய் பட்டாணி அளவில் இருக்கும்போது, நெருக்கமான கொத்தில் காய்களை நூற்றுக்கு இருபது வீதம் கத்தரித்துவிடுங்கள். மனம் வராதுதான், விட்டுவைத்தால் ஒன்றையொன்று நெருக்கி வெடிக்கும். அறுவடைக்கு 15 நாள் முன்பு மறுபடி தண்ணீரை நிறுத்துங்கள்.

கூடை நிறையும்போது வீட்டிலேயே ஒயின் போடும் ஆசை வரலாம். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த ஊர் நம்முடையது. பழமாக விற்போம், சாறாகப் பிழிவோம்.

கடைசியாக ஒன்று. கலவைக்குக் கரைத்த சுண்ணாம்பில் ஒரு கை எடுத்துவைத்து, பந்தல் கல்தூணில் கவாத்துத் தேதியை எழுதிவிடுங்கள். அறுவடைக்கு அங்கிருந்து நான்கு மாதம் எண்ண வேண்டும். குளிர் வந்ததும் போனதும் கொடிக்குத் தெரியாது. அதற்குக் குளிர்காலம் தொடங்கியது அந்தத் தேதியில்தான்.