இறக்கையில் உறைந்த பனியும் விமானியின் பொறுப்பும்

வானூர்தியைத் தாங்கிப் பிடிப்பது அதன் இறக்கையின் வடிவமாகும். உப்புத்தாள் போன்று சொரசொரப்பான மெல்லிய பனிப்படலம் இறக்கைமீது படிந்தாலும் தூக்குவிசை குறையும்; காற்றின் தடை மிகும். எனவே, பனி ஒட்டிய இறக்கையுடன் புறப்படலாகாது என்பது விமானிகள் அனைவரும் அறிந்த விதி. அறிந்த விதியும் மீறப்படுவது ஏன்? இருநிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1982 சனவரி 13 அன்று வாஷிங்டன் நகரில் கடும் பனி பொழிந்தது. ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம், பனிநீக்கும் நீர்மம் தெளிக்கப்பெற்ற பின்னர் ஏறத்தாழ 50 நிமிடங்கள் புறப்படாமல் தாமதித்தது. அதற்குள் மீண்டும் பனி படிந்தது. விமானிகள் திரும்பிச் சென்று அதனை நீக்கச் செய்யவில்லை. எஞ்சினின் பனித்தடுப்பு அமைப்பையும் இயக்கவில்லை. எஞ்சின் முகப்பிலிருந்த அழுத்தமறியும் குழாய் உறைந்தமையால், உந்துவிசையைக் காட்டும் மானி உண்மையினும் மிகுதியாகக் காட்டியது.

ஓடுபாதையில் விரைகையில் துணை விமானி இம்முரண்பாட்டைக் கண்டார். சரியில்லை என மீண்டும் மீண்டும் கூறினார். தலைமை விமானி ஓட்டத்தை நிறுத்தவில்லை. மேலெழுந்த விமானம் பாலமொன்றில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தின்மீது சென்ற நால்வரும் மாண்டனர். பனித்தடுப்பை இயக்காமை, பனியுடன் புறப்பட்டமை, எச்சரிக்கை கேட்டும் நிறுத்தாமை ஆகிய மூன்றையுமே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்தின் காரணங்களாகக் கண்டது.

அங்கே சொல் கேட்கப்படவில்லை. மற்றோரிடத்தில் சொல்லே எழவில்லை. 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் நகரில் பனிபடிந்த இறக்கையுடன் புறப்பட்ட ஏர் ஒன்ராறியோ விமானம் வீழ்ந்து 24 பேர் இறந்தனர். இறக்கையிலிருந்த பனியைப் பணிப்பெண் கண்டார். பயணிகளாய் அமர்ந்திருந்த விமானிகள் இருவரும் கண்டனர். எனினும் விமானியறைக்கு எவரும் தெரிவிக்கவில்லை. விமானத்தின் துணை எந்திரம் பழுதுற்றிருந்தது. எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் இயக்க அவ்விமான நிலையத்தில் கருவியில்லை. எஞ்சின் ஓடுகையில் பனிநீக்கவும் இயலாது. விசாரித்த நீதிபதி மொஷான்ஸ்கி, புறப்படும் முடிவுக்குத் தலைமை விமானியே பொறுப்பு எனினும், அந்நெருக்கடியில் அவரை நிறுத்திய நிறுவனமும் அரசின் மேற்பார்வையும் தவறின எனத் தெளிவுறுத்தினார்.

இவற்றால் நாம் பெறும் படிப்பினை யாது? இறுதிப் பொறுப்பு தலைமை விமானியுடையதே. அதனைப் பிறர்மீது சுமத்த இயலாது. ஆயின், கண்ட குறையைத் தெளிவாக எடுத்துரைப்பது உடனிருப்போர் கடன். செவிமடுப்பது தலைவர் கடன். பாதுகாப்பான வழியை அமைத்துத் தருவது நிறுவனத்தின் கடன். இடித்துரைப்போரைத் துணைக்கொள்ளுமாறு நம் முன்னோர் அரசர்க்கு அறிவுறுத்தியதும் இதுபற்றியே.

ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் நாளை பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும்: பணிவு வேறு, வாய்மூடியிருத்தல் வேறு. மூத்தோராகிய நாமும், இளையோர் ‘இது சரியில்லை’ என்னும்போது ஒருகணம் நின்று நோக்கும் பண்பை வளர்த்துக்கொள்வோமாக.