சாணத்துக்கும் ஒரு சங்கம்

அன்புத் தங்கைக்கு,

படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போகாமல் வல்லத்திலேயே தொழில் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மாட்டுச் சாணத்தை எருவாக்கி விற்பது உன் திட்டம். தோழிகளோடு சேர்ந்து கம்பெனி தொடங்குவதா, கூட்டுறவுச் சங்கமா என்று கேட்கிறாய். என் பதில் சங்கம்தான். ஆனால் அதற்கு முன் உங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை ஒருமுறை வாங்கிப் பார்.

விடியலில் கொட்டகை கூட்டி, தீனி வைத்து, பால் கறந்து, கேனைச் சுமந்துபோய் ஊற்றுவது பெரும்பாலும் பெண்கள். பதிவேட்டிலோ பல ஊர்களில் வீட்டு ஆணின் பெயர்தான் இருக்கும். பெயர் இருப்பவருக்குத்தான் ஓட்டு. பட்டுவாடா அவர் கணக்குக்குத்தான் போகும். நிர்வாகக் குழுவுக்கு நிற்கவும் அவரால்தான் முடியும். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு என்பது 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் தொழிலாளர்கள் தொடங்கிய கடையிலிருந்து வரும் கூட்டுறவு விதி. அந்த ஒரு ஓட்டும் இல்லாத பெண், தன் சங்கத்திலேயே கூலியில்லாத வேலையாள்தான். ஆகவே உன் முதல் தொழில் முயற்சி, அம்மாவை அவர் பெயரிலேயே உறுப்பினராக்குவது.

பெண்கள் மட்டும் சேர்ந்து இவ்வளவு பெரிய வேலையை நடத்த முடியுமா என்று ஊரில் கேட்பார்கள். இன்றைய தெலங்கானாவில் உள்ள முல்கனூரைச் சொல். 2000-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய பால் கூட்டுறவில் உறுப்பினர்களும் பெண்கள், இயக்குநர்களும் பெண்கள். பால் வாங்குவதோடு நிற்காமல் பதப்படுத்தி, பாக்கெட்டில் அடைத்துத் தங்கள் பெயரிலேயே விற்கிறார்கள்.

இனி சாணத்துக்கு வருவோம். உங்கள் பக்கத்து மண்ணுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, புதிதல்ல. நாடு முழுக்கப் பயிரான டி.எம்.வி. ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. மல்லாட்டைக் கொடியும் புண்ணாக்கும் மாட்டுக்குப் போகின்றன. மாட்டுச் சாணம் மறுபடி மல்லாட்டைக் கொல்லைக்கு வரவேண்டும். இந்தச் சுற்று அறுபடுவது குப்பைமேட்டில். திறந்தவெளியில் குவித்த சாணத்திலிருந்து தழைச்சத்து வெயிலில் ஆவியாகப் போகிறது. மழை வந்தால் மிச்சம் வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகிறது. குவியலின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் உருவாகும் மீத்தேன், புவியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்று. நிலத்துக்கு நட்டம், நீருக்குக் கேடு, அந்த வாயு அடுப்பில் எரியாமல் வீணாவது வேறு.

இதற்கு வழி கண்டவர்கள் குஜராத்தின் ஆனந்த் மாவட்டப் பெண்கள். 1946-இல் அமுல் பிறந்த அதே மண். அங்குள்ள ஜக்காரியாபுரா கிராமத்தில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் உதவியோடு வீட்டுக்கு வீடு சிறிய சாண எரிவாயுக் கலன்கள் வைத்தார்கள். கணக்கு எளிது: ஒரு கனமீட்டர் கலனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். வாயு அடுப்புக்குப் போகிறது. கலனிலிருந்து வழியும் கரைசலைத் தங்கள் வயலுக்கு எடுத்துக்கொண்டு, மீந்ததைப் பெண்களே அமைத்த எருக் கூட்டுறவுக்கு விற்கிறார்கள்.

இதைத் தனி ஆள் செய்தால் தேறாது. கரைசலில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு வீட்டுக் கரைசலை ஏற்றிப்போக வண்டி வைத்தால் லாபம் டீசலுக்கே போய்விடும். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்தால்தான் வண்டி கட்டுப்படியாகும், சத்துப் பரிசோதனை செய்ய முடியும், விலை பேச முடியும். கம்பெனியும் இதையெல்லாம் செய்யும். ஆனால் விலை ஏறினால் கடைசிச் சொட்டுவரை விற்கச் சொல்லும். சங்கத்தில் விற்பவளும் முதலாளியும் ஒருத்தியே. தன் கொல்லை மண் இளைத்தால் தன் சோற்றில்தான் குறையும் என்று அவளுக்குத் தெரியும். 1995-இல் உலகக் கூட்டுறவு அமைப்பு, சமூகத்தின் நீடித்த வளர்ச்சிக்கு உழைப்பதைத் தன் ஏழாவது கொள்கையாகச் சேர்த்தது. அந்தக் கொள்கை நிற்பது இந்தப் புரிதலில்தான்.

இயற்கையிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும் சங்கமே வகுக்க முடியும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கு நல்ல சான்று. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது பிழைப்பிழந்த மக்கள், விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு பாம்பிடம் சில வாரங்களில் நான்கு முறை மட்டும் நஞ்சு எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்பு பிழைக்கிறது, அதனால் தொழிலும் பிழைக்கிறது.

உன் சங்கத்தின் துணைவிதியிலும் இப்படி மூன்று வரம்புகளை எழுது. சொந்த வயலுக்குப் போக மீந்த கரைசலைத்தான் விற்க வேண்டும். கிணறும் தீவனமும் தாங்கும் அளவுக்கே மாடு வைக்க வேண்டும். விற்பனையில் ஒரு பங்கைக் கலன் பழுதுபார்க்க ஒதுக்க வேண்டும். மூன்றாவதை எளிதாக நினைக்காதே. மானியத்தில் கட்டிய சாண எரிவாயுக் கலன்கள் பழுதுபார்க்க ஆளும் பணமும் இல்லாமல் எத்தனையோ ஊர்களில் காய்ந்து கிடக்கின்றன.

எடுத்தவுடன் பதிவுக்கு ஓடாதே. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் வேர்விட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உண்டு. உங்கள் தெருக் குழுவில் மாடு வைத்திருப்பவர்களைச் சேர்த்து ஒரு வருடம் நடத்திப் பார். சரிப்பட்டால் பால்வளத் துறை அலுவலகத்தில் வழி கேட்டுச் சங்கமாகப் பதிவுசெய்யலாம்.

கடைசியாக ஒன்று. கணக்கு எழுத நீ கற்றுக்கொள். உன்னோடு இன்னும் இருவருக்காவது கற்றுக்கொடு. ஒரே ஆளிடம் நோட்டு இருக்கும் சங்கம், பெயருக்குத்தான் சங்கம். ஆண்டுத் தணிக்கை அறிக்கையைப் பேரவைக் கூட்டத்தில் எழுத்துக்கூட்டியாவது உரக்க வாசியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினரும் எழுந்து கேள்வி கேட்கும் நாளில்தான் அது பெண்களின் சங்கம் ஆகும்.

அன்புடன்,
உன் அக்கா