ஆகாய விமானப் பிரயாணமும் நம் அமல்களும்

உம்ராவுக்குப் புறப்படும் நம் சேலம், நாமக்கல் பகுதி அன்பர்கள் முதலில் கேட்பது, "ஜித்தா எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?" என்பதே. சென்னையிலிருந்து ஜித்தா நேர்க்கோட்டில் சுமார் 4,400 கிலோமீட்டர். இடையில் இறங்காத விமானம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகிறது!

இவ்வளவு சுருங்கிவிட்ட பிரயாணத்துக்கு முஸாபிரின் சட்டம் உண்டா என்று சிலர் ஐயுறுகின்றனர். உண்டு. ஷரீஅத் தூரத்தைத்தான் பார்க்கிறது. மூன்று நாள் பிரயாணத் தூரத்தை ஒருவர் விரைந்தோடும் குதிரையில் அதிலும் குறைந்த காலத்தில் கடந்தாலும் கஸ்ரு செய்யவேண்டும் என்று ஹனபி பிக்ஹு நூல்கள் அன்றே கூறியுள்ளன. அத்தூரத்தை நம் நாட்டு உலமாக்கள் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். ஆகவே சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரிலுள்ள நாமக்கல்லுக்கு பஸ் நெரிசலில் நின்றுகொண்டே போனாலும் முழுத் தொழுகைதான். சென்னையோ சுமார் 340 கிலோமீட்டர். காமலாபுரத்தில் விமானமேறி ஒரு மணி நேரத்தில் போய் இறங்கினாலும், அங்கே பதினைந்து நாட்கள் தங்கும் நிய்யத்து இல்லையேல், நான்கு ரக்அத்து பர்ளு இரண்டுதான். (ஷாபிஈ மத்ஹபினர் தூரக் கணக்கைத் தம் ஆலிம்களிடம் கேட்டறிக.)

இஹ்ராம் விஷயத்தில்தான் விமானத்தின் வேகம் நம்மவர்களைத் தடுமாற வைக்கிறது. 1995 வரை பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக் கப்பல்கள் போய்வந்தன. நாட்கணக்கில் கடலில் சென்றவர்களுக்கு, யலம்லமுக்கு நேரே வருமுன் குளித்து, உடுத்தி, இரண்டு ரக்அத்துத் தொழ அவகாசம் இருந்தது. விமானம் ஒரு நிமிடத்தில் சுமார் 14 கிலோமீட்டர் கடக்கிறது. மீக்காத் நெருங்குவதாக அறிவித்த பிறகு எழுந்து கழிவறை வாசலில் வரிசையில் நின்றால், முறை வருவதற்குள் எல்லை பின்னால் போய்விடலாம். இஹ்ராம் துணியைப் பெட்டியில் கட்டி விமானத்தின் அடித்தட்டுக்கு அனுப்பிவிட்டு, "ஜித்தாவில் மாற்றிக்கொள்வோம்" என்று இருப்போரும் உண்டு. மக்காவை நாடிச் செல்பவர் இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்து, திரும்பிப் போய் இஹ்ராம் கட்டாவிட்டால், தம் கொடுப்பது, அதாவது ஒரு பிராணியைப் பலியிடுவது கடமையாகிவிடும்.

ஆகவே ஆண்கள் சென்னையிலேயே துணியை உடுத்திக்கொள்வது நல்லது. துணி உடுத்தியதால் மட்டும் இஹ்ராம் ஆகிவிடாது. நிய்யத்துச் செய்து தல்பியா சொன்னால்தான் ஆகும். விமானம் தாமதமானால் சிரமம் இருக்காது என்பதால், நிய்யத்தை மேலே பறக்கும்போது, மீக்காத்துக்குச் சற்று முன்னதாக வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்குத் தனி உடை இல்லை. நிய்யத்தும் தல்பியாவும் போதும். முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரமே இல்லை. அவர்கள் மதீனாவிலிருந்து மக்காவுக்குப் புறப்படுகையில் துல்ஹுலைபாவில் இஹ்ராம் கட்டுவார்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜித்தாவின் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ரமளானில் நோன்போடு மாலையில் மேற்கே பறப்பவர், "இந்நேரம் சேலத்தில் பாங்கு சொல்லியிருப்பார்களே" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. சன்னலில் சூரியன் தெரியும்வரை அவருக்கு மஃரிபு ஆகவில்லை. திரும்பி வரும்போது கிழக்கே பறப்பதால் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். அப்போது அஸரைப் பிற்படுத்த வேண்டாம்.