எல்லா வயிற்று நோவும் கேஸ்ட்ரிக் இல்லை, தங்கச்சி

கிளிவெட்டிப் பக்கம் யாருக்கு மேல்வயிறு நொந்தாலும் முதலில் வருகிற தீர்ப்பு கேஸ்ட்ரிக். நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று பேச்சு விழும், பாமசியில் ஒமெப்ரசோல் வாங்கி வந்தால் கதை முடிந்தது. நோவு இரண்டு மணித்தியாலத்தில் தானாகவே விட்டிருக்கும். குளிசைக்கு விட்டது என்று நம்பிக்கொண்டு அடுத்த கலியாண வீடுவரை இருப்போம். அங்கே நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் சாப்பிட்ட இரவு மறுபடி பிடிக்கும்.

இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் பித்தப்பையைச் சந்தேகப்படு. கொழுப்புச் சாப்பாடு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குத் தள்ளும். வாசலில் கல் அடைத்து நின்றால் நோவு. வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் தொடங்கி அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் நிற்கும், முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். ஏவறை விட்டாலும் குறையாது, கக்கூசுக்குப் போய் வந்தாலும் குறையாது. டொக்டர் வலது விலாவின் கீழ் விரல்களை வைத்து அழுத்தி, "மூச்சை இழுங்க" என்பார். பாதி மூச்சில் நோவு தாங்காமல் நின்றுவிட்டால் பித்தப்பை அழன்றிருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதே: சீனி வருத்தக்காரருக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பே வயிற்று நோவு மாதிரி வரும். அவர்களுக்கு முதலில் ஈசிஜி.

பிள்ளை பெற்ற பெண்கள், உடம்பு பருத்தவர்கள், பட்டினி கிடந்து மளமளவென மெலிந்தவர்கள், இவர்களுக்குக் கல் அதிகம். அதற்காக மெலிந்த ஆணுக்கு வராது என்றில்லை.

ஸ்கேனுக்குப் போகும்போது ஆறு மணித்தியாலமாவது வெறுவயிறாக இரு. பால் தேத்தண்ணி ஒரு கிளாஸ் குடித்தாலே பித்தப்பை சுருங்கிவிடும், படம் சரியாகத் தெரியாது, மூதூருக்கோ திருகோணமலைக்கோ போன பஸ் காசு வீண். சீனிக் குளிசை போடுகிறவர்கள் அன்று காலை என்ன செய்வது என்று முதலே கேட்டு வைக்க வேண்டும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்து, நோவே இல்லை என்றால் பெரும்பாலும் ஒப்பரேசன் தேவைப்படாது. பயத்தில் ஓடிப்போய் வெட்டாதே.

நோவு ஐந்தாறு மணித்தியாலமாக விடவில்லையா, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலா, கண் மஞ்சளா, சிறுநீர் கறுத்து மலம் வெளிறிப் போகிறதா? வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று காத்திராதே. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். செங்கமாரி என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும், பித்தக் குழாயில் அடைத்த கல் அசையாது.

இனி பித்தப்பையை எடுக்கும் ஒப்பரேசன். கமரா விட்டு நாலு சின்னத் துளையால் செய்கிறார்கள், அநேகமானவர்கள் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயப்படுவதாகச் சொல்வது வழக்கம். அழற்சியில் எல்லாம் ஒட்டிக் கிடக்கும்போது, வெட்டவேண்டிய சின்னக் குழாய் என்று நினைத்து ஈரலிலிருந்து வரும் பெரிய குழாயை வெட்டுவதுதான் மோசமான பிழை. அந்தோனி ஈடனுக்கும் பித்தப்பை ஒப்பரேசனில் பித்தநாளம் சேதப்பட்டது, 1953 ஏப்ரலில், லண்டனில், அவர் பிரித்தானிய வெளிநாட்டமைச்சராக இருந்தபோது. அதே மாதம் இரண்டாவது ஒப்பரேசன், ஜூனில் அமெரிக்காவின் பொஸ்டனில் இன்னொன்று. பிறகும் காய்ச்சல் அவரை விடவில்லை. திருகோணமலைக் கடற்படைத் தளத்தைத் திருப்பித் தரும்படி பண்டாரநாயக்க 1956இல் லண்டனில் பேசியதும் இதே ஈடனோடுதான். அவ்வளவு பெரிய இடத்து ஆளுக்கே நடந்தது என்றால், கேள்வி கேட்க நமக்கு என்ன கூச்சம்?

டொக்டரிடம் இரண்டு கேள்வி கேள். "உள்ளே கஷ்டமாக இருந்தால் வயிற்றைத் திறந்து செய்வீங்களா, இல்லாவிட்டால் பாதியோடு நிறுத்துவீங்களா?" இரண்டுமே தோல்வி இல்லை, புத்தி. வெட்டுவதற்கு முன் பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள்தான் என்று துப்பரவாகக் கண்டபிறகே கத்தி வைக்க வேண்டும் என்ற முறையை அமெரிக்க நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் சொன்னார். இரண்டாவது, "இந்த ஒப்பரேசன் நீங்கள் அடிக்கடி செய்கிறதா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் இன்னொரு டொக்டரின் அபிப்பிராயமும் எடு. தியேட்டரில் பெயரையும் என்ன ஒப்பரேசன் என்பதையும் மிஸி திரும்பத் திரும்பக் கேட்பா. சலிக்காமல் சொல். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில் அதுவும் ஒன்று.

நான் அதிகம் பயப்படுவது வீட்டுக்கு வந்த பிறகுள்ள நாட்களுக்குத்தான். குழாய்க் காயம் பலருக்குத் தியேட்டரில் தெரிவதில்லை, நாள் கழித்தே தெரியும். வயிற்றுக்குள் ஊதிய காற்றால் தோள் ஓரிரு நாள் நோகும், அது வழமை. ஆனால் நேற்றையைவிட இன்று நல்லாக இருக்க வேண்டும். நோவு கூடுகிறது, வயிறு ஊதுகிறது, சத்தி நிற்கவில்லை, காய்ச்சல், கண் மஞ்சள், காயத்தாலோ வயிற்றில் வைத்துவிட்ட குழாயாலோ பச்சை மஞ்சள் நீர் வருகிறது என்றால், கிளினிக் திகதி அடுத்த கிழமைதான் என்று கையைக் கட்டிக்கொண்டு இராமல் அன்றைக்கே திரும்பிப் போ. வெட்டின இடத்துக்கே போவது நல்லது. அங்கே "வாய்வுதான்" என்று அனுப்பினால், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்க்கும்படி வாய்விட்டுக் கேள். நேரத்தோடு பிடித்தால் பல கசிவுகளை வாயால் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தே அடைக்கலாம்.

நம் ஆட்கள் எடுத்த கல்லைப் போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். டயக்னோசிஸ் காட் எங்கே என்று கேட்டால் தேடுவார்கள். அந்தக் காட்டையும், வெட்டியெடுத்த பையைச் சோதித்த அறிக்கையையும் ஒரே உறையில் போட்டு வை. சாப்பாடு முதல் சில கிழமைக்கு எண்ணெய் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு எருமைத் தயிரும் சாப்பிடலாம், வயிறு ஒத்துக்கொண்டால்.