எழினி என்று வைக்கலாமா?

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு 'எழினி' என்று பெயர் வைக்க ஆசை. "இது என்ன பேர், வாயில் நுழையுமா?" என்கிறார் மாமியார். கேரளத்தில் வளரப்போகிற குழந்தை. என்ன செய்யலாம்?
– வாசகி, வைட்டிலா, கொச்சி

பதில்: தயங்காமல் வையுங்கள் அம்மா. தகடூரை ஆண்ட அதியமான் மரபில் வழங்கிய பெயர் அது. அவன் மகன் பொகுட்டெழினி. அப்போது ஆண் பெயர், இன்று பெண்களுக்கும் அழகாகப் பொருந்துகிறது. சிலப்பதிகாரத்தில் நாடக மேடைத் திரைக்கும் எழினி என்றே பெயர். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். கதை தெரிந்த பெயர் சீக்கிரம் வாயில் பழகிவிடும்.

'ழ' பற்றிய கவலையே வேண்டாம். மலையாளத்திலும் அந்த எழுத்து உண்டு. வைட்டிலா பஸ் நிலையத்தில் 'ஆலப்புழ, ஆலப்புழ' என்று கூவும் கண்டக்டரைக் கேட்டுப் பாருங்கள், நம்மில் பலரைவிடச் சுத்தமாக ழகரம் வரும். உங்கள் மகளின் பெயரை அந்த ஊர் டீச்சர் சரியாகவே கூப்பிடுவார்.

நான் கவலைப்படுவது எழுத்துக்கூட்டலைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் 'இஸட் எச்' போடுவதா, வெறும் 'எல்' போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பெயரை மட்டும் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதுவரை வீட்டில் கூப்பிட்டுப் பழகுங்கள்.