தடைப்பட்ட கணினித் தொகுதி நிறுவலும் துப்புரவு முறையும்

திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் சாகா-220 என்னும் மீக்கணினி தொடங்கி வைக்கப்பெற்றது. 400 மையச் செயலகங்களும் 400 வரைகலைச் செயலகங்களும் இணைந்து, வினாடிக்கு 220 லட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்யும் திறன் அதற்கு இருந்தது. இவ்வாறு பல கணினிகள் ஒன்றெனப் பணிபுரியும் அமைப்பே 'கிளஸ்டர்' எனப்படும் கணினித் தொகுதியாகும். இன்று கல்லூரிகளும் அலுவலகங்களும் சில கணினிகளைக் கொண்டே சிறு தொகுதிகளை அமைக்கின்றன. அவற்றில் மென்பொருள் நிறுவல் நடுவில் தடைப்பட்டால் செய்யத்தக்கது யாது எனக் காண்போம்.

தனிக் கணினியில் நிறுவல் தவறினால் மிச்சங்கள் ஓரிடத்திலேயே தங்கும். தொகுதியிலோ ஒவ்வொரு கணினியிலும் தங்கும். எடுத்துக்காட்டாக, கூபர்நெட்டீஸ் மென்பொருளை மீண்டும் நிறுவ முயன்றால், 6443-ஆம் போர்ட் உபயோகத்தில் உள்ளதென்றும், எட்சிடி தரவுக் கோப்பகம் காலியாக இல்லையென்றும் கூறி அது மறுக்கக்கூடும். முந்திய முயற்சியின் மிச்சங்களே இதற்குக் காரணம்.

துப்புரவு முறை வருமாறு:

1. முதலில் பதிவுக் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கவேண்டும். தோல்வியின் காரணத்தை அறிய அவையே சான்று.

2. நிறுவிய வரிசைக்கு எதிர்வரிசையில் அகற்றவேண்டும். இணைந்த கணினிகளை முன்னும், கட்டுப்பாட்டுக் கணினியை இறுதியிலும் விடுவித்தல் முறை.

3. ஒவ்வொன்றிலும் 'கியூப்ஆட்ம் ரீசெட்' கட்டளையை இயக்கவேண்டும். எனினும் இக்கட்டளை வலையமைப்புக் கோப்புகளையும், 'ஐபிடேபிள்ஸ்' விதிகளையும், பயனரின் இணைப்புக் கோப்பையும் அகற்றுவதில்லை. அவற்றைக் கையால் நீக்கவேண்டும். பழைய இணைப்புக் கோப்பிலுள்ள சான்றிதழைப் புதிய தொகுதி ஏற்காது. தொலைவிலிருந்து பணிபுரிவோர் எல்லா விதிகளையும் ஒருங்கே அழித்தால் தம் தொடர்பே அறுபடவும் கூடும்.

4. பொதுச் சேமிப்பு வட்டைத் துடைக்குமுன் மிக்க எச்சரிக்கை தேவை. வட்டுக்கு இயங்குதளம் இடும் பெயர், மறுதொடக்கத்தில் மாறக்கூடும். ஆகவே வட்டின் வரிசை எண்ணைக் கொண்டே அடையாளம் காணவேண்டும். மாற்று வட்டைத் துடைத்தால் பிறர் பல ஆண்டுகள் சேர்த்த தரவு அழியும்; வேறு படி இல்லையேல் இழப்பை ஈடுசெய்தல் அரிது.

5. பின்னர் எல்லாக் கணினிகளையும் மறுதொடக்கம் செய்து, போர்ட்டுகள் விடுபட்டனவா, கடிகாரங்கள் ஒத்துள்ளனவா எனச் சோதித்து, தோல்வியின் காரணத்தைக் களைந்த பின்னரே மீண்டும் நிறுவலைத் தொடங்கவேண்டும்.

ஆசிரியர்கள், தரவு ஏதுமற்ற மூன்று கணினிகளில் நிறுவலை வேண்டுமென்றே இடையில் நிறுத்தி, மாணவர்களைக் கொண்டு மிச்சங்களைப் பட்டியலிடச் செய்யலாம். பட்டியல் முழுமையானால் துப்புரவும் முழுமையாகும்.