பிரிட்ஜ் ஆட்டத்தில் கையை எடைபோடுவது எப்படி?

கீழே இரண்டு கைகள் உள்ளன. 'கை' என்றால் சீட்டாட்டத்தில் ஒருவருக்கு வந்த சீட்டுகளின் தொகுதி. இங்கே ஆளுக்கு 13 சீட்டு. இவற்றில் எது பலமான கை என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

முதல் கை:
இஸ்பேடு: ராஜா, ஜாக்கி, 3
ஆட்டின்: ராணி, 7, 2
டைமண்ட்: ராஜா, ஜாக்கி, 5
கிளாவர்: ராணி, ஜாக்கி, 8, 4

இரண்டாம் கை:
இஸ்பேடு: ஏஸ், ராஜா, 10, 9, 6
ஆட்டின்: ஏஸ், 10, 9, 8, 3
டைமண்ட்: 7, 2
கிளாவர்: 5

முதல் கையில் படச் சீட்டுகள் ஏழு இருக்கின்றன. இரண்டாவதில் ஏஸையும் சேர்த்து எண்ணினாலும் பெரிய சீட்டுகள் மூன்றுதான். ஆகவே முதல் கைதான் பலமானது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். பிரிட்ஜ் ஆடிப் பழகியவரோ தயங்காமல் இரண்டாம் கையை எடுத்துக்கொள்வார். ஏன்?

சீட்டாட்டம் என்றதும் சில வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அது நியாயம்தான்; காசு வைத்து ஆடிக் கெட்டவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் இங்கே பேசப்போவது காசைப் பற்றியன்று. அளவை, நிகழ்தகவு, செய்தி அனுப்புதல் ஆகிய மூன்றும் ஒரு மேசையைச் சுற்றி ஒன்றுகூடும் ஓர் ஆட்டத்தைப் பற்றி.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

மேசையைச் சுற்றி நால்வர். எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். 52 சீட்டுகளும் பகிரப்படும். ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் வரிசையாக அதே இனத்தில் ஒரு சீட்டைப் போட வேண்டும். அந்த நான்கில் பெரிய சீட்டைப் போட்டவருக்கு அந்த நான்கு சீட்டுகளும் போகும். இதுதான் ஒரு 'பிடி'. ஓர் ஆட்டத்தில் 13 பிடிகள். கேட்ட இனம் கையில் இல்லாவிட்டால் துருப்பு இனச் சீட்டால் வெட்டலாம்.

எந்த இனம் துருப்பு? அதை ஏலம் தீர்மானிக்கிறது. முதல் ஆறு பிடிகள் கணக்கில் சேரா. '1 இஸ்பேடு' என்று ஒருவர் கேட்டால், 'இஸ்பேடு துருப்பாக இருந்தால் நாங்கள் இருவரும் 6+1, அதாவது 7 பிடி எடுக்கிறோம்' என்று பொருள். '4 இஸ்பேடு' என்றால் 10 பிடி. துருப்பே இல்லாமல் ஆடவும் கேட்கலாம். ஏலத்தில் கிளாவர்தான் தாழ்ந்த இனம். அதற்கு மேல் டைமண்ட், ஆட்டின், இஸ்பேடு. எல்லாவற்றுக்கும் மேலே துருப்பில்லா ஆட்டம்.

ஏலத்தில் கேட்ட பிடிகளை எடுத்தால் பரிசு; எடுக்கத் தவறினால் தண்டம். 10 பிடி எடுத்து முடித்தவர் 8 பிடிதான் கேட்டிருந்தார் என்றால், '4 இஸ்பேடு' கேட்டவருக்குக் கிடைக்கும் பெரும்பரிசு அவருக்குக் கிடையாது. இந்தக் கண்டிப்பைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட். 1925-ஆம் ஆண்டில் பனாமாக் கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பல் பயணத்தின்போது நண்பர்களுடன் ஆடிப் பார்த்து, புள்ளி முறையை அவர் வகுத்தார். அதிலிருந்து சீட்டை இறக்கும் திறமையைப் போலவே ஏலத்தில் பேசும் திறமையும் முக்கியமாகிவிட்டது.

ஏணியும் அதன் 35 படிகளும்

ஏலத்தில் என்னென்ன கேட்கலாம்? 1 முதல் 7 வரை எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்து வகை. ஆக 7 x 5 = 35 கேள்விகள். இவற்றை 35 படிகள் உள்ள ஏணி என்று எண்ணிக்கொள்ளுங்கள். மேலேதான் ஏறலாம், கீழே இறங்க முடியாது. இவற்றைத் தவிர 'பாஸ்', 'டபுள்', 'ரீடபுள்' என்ற மூன்று சொற்கள். வேறு ஒரு சொல்லும் பேசக் கூடாது. கண்ணைக் காட்டுவதும் குரலை மாற்றுவதும் குற்றம். உலகப் போட்டிகளில் கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி மேசைக்குக் குறுக்கே திரை கட்டும் வழக்கமே உண்டு.

இந்தச் சிறு மொழியில் 13 சீட்டுகளையும் கூட்டாளிக்கு விவரித்துவிட முடியுமா? ஒரு கணக்குப் போடுவோம். 52 சீட்டுகளிலிருந்து ஒருவருக்கு வரக்கூடிய கைகள் மொத்தம் 635,013,559,600. அதாவது சுமார் 63,501 கோடி. எதிரிகள் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் கூட்டாளியும் மாறி மாறி ஏணியில் ஏறுகிறீர்கள். ஒவ்வொரு படியிலும் கால் வைக்கலாம் அல்லது தாண்டலாம்: இரண்டே வழிகள். 35 படிகளுக்கும் சேர்த்து 2-இன் 35-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 3,436 கோடி உரையாடல்கள். கைகளோ அதைப் போல் பதினெட்டு மடங்குக்கும் மேல்! அதுவும், பேச்சை '4 இஸ்பேடு' என்ற 19-ஆம் படிக்குள் முடிக்க வேண்டுமானால், கிடைப்பவை 2-இன் 19-ஆம் அடுக்கு, 524,288 உரையாடல்கள்தான்.

ஆகவே எல்லாச் சீட்டையும் சொல்வது நடவாத காரியம். முக்கியமானதை மட்டும் சொல்ல வேண்டும். எது முக்கியம், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கூட்டாளிகள் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தமே 'ஏல முறை'. இதில் இரகசியம் கூடாது. எதிரி கேட்டால், 'என் கூட்டாளியின் இந்தக் கேள்விக்கு இதுதான் பொருள்' என்று சொல்லிவிட வேண்டும்.

முறைகள் பல. ஒரு சாரார் இயல்பாகப் பேசுவார்கள்: இஸ்பேடு அதிகம் இருந்தால் இஸ்பேடு கேட்பார்கள். மற்றொரு சாராருக்கு '1 கிளாவர்' என்றால் கிளாவரோடு சம்பந்தமே இல்லை. 'என் கை மிகப் பலமானது' என்று பொருள். சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சி. சி. வெய் அமைத்த 'பிரிசிஷன்' முறை இத்தகையது. அதைக் கையாண்ட தைவான் அணி 1969-இல் உலகப் போட்டியின் இறுதிச் சுற்று வரை வந்தது. யோசித்துப் பாருங்கள்: மிகத் தாழ்ந்த படியில் மிகப் பெரிய செய்தியைச் சொல்லிவிட்டால், மேலே 34 படிகள் பேசுவதற்கு மீதி இருக்கின்றன அல்லவா?

ஏஸுக்கு நான்கு

கூட்டாளிக்குச் சொல்வதற்கு முன் நம் கையை நாமே அளந்துகொள்ள வேண்டும். அதற்கு ஓர் அளவுகோல்: ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஓர் இனத்துக்கு 10. முழுக் கட்டுக்கு 40. சராசரிக் கைக்கு 10. மில்ட்டன் வொர்க் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. இதை ஊரறியச் செய்தவர் சார்லஸ் கோரன். 1949-இல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு புள்ளி எண்ணாத பிரிட்ஜ் ஆட்டக்காரரைக் காண்பது அரிதாயிற்று.

நம் ஊரில் 304 ஆடியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 304-இல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்பது ஆட்டத்தின் விதி. அந்தப் புள்ளிகளைச் சேர்ப்பதே ஆட்டம். பிரிட்ஜின் விதிகளிலோ ஏஸுக்கு 4 என்று எங்கும் இல்லை. விதிக்குத் தெரிந்தது பிடி மட்டுமே. இந்த 4-3-2-1 பிடிகளை முன்கூட்டி ஊகிக்க மனிதர் செய்துகொண்ட ஒரு படிக்கல்.

படிக்கல் உதவத்தான் செய்கிறது. இரு கைகளும் சேர்ந்து 25, 26 புள்ளி இருந்தால் துருப்பில்லாமல் 9 பிடியோ, இஸ்பேடு அல்லது ஆட்டின் துருப்பில் 10 பிடியோ பெரும்பாலும் கிடைக்கும். 12 பிடிக்கு 33 புள்ளி, 13 பிடிக்கு 37 புள்ளி. கடைசி இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன? உங்களிடம் 33 இருந்தால் எதிரிகளிடம் 7. அதில் இரண்டு ஏஸ் அடங்காது. 37 இருந்தால் எதிரிகளிடம் 3. அதில் ஓர் ஏஸும் அடங்காது!

ஆனால் படிக்கல்லில் சிறு பிழையும் உண்டு. ஏஸின் உண்மைப் பலம் 4-ஐவிடச் சற்று அதிகம். ராணியும் ஜாக்கியும் தங்கள் புள்ளிக்குச் சற்றுக் குறைவாகவே உழைக்கின்றன. அதனால்தான் ஏஸே இல்லாத கைக்கு ஒரு புள்ளியைக் கழிக்கச் சொன்னார் கோரன். அது மட்டுமன்று: ஓர் இனத்தில் இரண்டே சீட்டு இருந்தால் 1, ஒரே சீட்டு இருந்தால் 2, ஒன்றும் இல்லாவிட்டால் 3 என்று புள்ளி கூட்டவும் சொன்னார். குறைந்த இனத்தைத் துருப்பால் வெட்டலாம் அல்லவா?

இப்போது தொடக்கத்தில் பார்த்த கைகளுக்குத் திரும்புவோம். முதல் கை 13 புள்ளி. ஏஸ் இல்லாததால் 12. இரண்டாம் கை 11 புள்ளி. டைமண்ட் இரண்டுக்கு 1, ஒற்றைக் கிளாவருக்கு 2 சேர்த்து 14. ஏலத்தைத் தொடங்க 13 வேண்டும் என்பது வழக்கம். முதல் கைக்காரர் 'பாஸ்' என்பார். இரண்டாமவர் '1 இஸ்பேடு' என்பார்.

ஒரே 20 புள்ளி, இரண்டு முடிவுகள்

அந்த இரண்டாம் கை உங்களுடையது என்று கொள்ளுங்கள். கூட்டாளியின் கை இது:

இஸ்பேடு: ராணி, 8, 5, 4
ஆட்டின்: ராஜா, 7, 2
டைமண்ட்: ஏஸ், 6, 3
கிளாவர்: 9, 7, 4

அவருக்கு 9 புள்ளி. நீங்கள் '1 இஸ்பேடு' என்றதும் அவர் '2 இஸ்பேடு' என்கிறார். பொருள்: 'எனக்கும் இஸ்பேடு இருக்கிறது, ஆனால் 6 முதல் 9 புள்ளிதான்.' உடனே உங்கள் கையின் மதிப்பு ஏறிவிடுகிறது. சீட்டு ஒன்றும் மாறவில்லை; மாறியது நீங்கள் அறிந்த செய்தி. '3 ஆட்டின்' என்கிறீர்கள்: 'ஆட்டினில் எனக்கு உதவி வேண்டும், உண்டா?' அவர் தம் ஆட்டின் ராஜாவைப் பார்க்கிறார். '4 இஸ்பேடு' என்கிறார். நீங்கள் இழக்கப்போவது டைமண்டில் ஒன்று, கிளாவரில் ஒன்று, ஆட்டினில் ஒன்று. எதிரிகளிடமுள்ள ஐந்து ஆட்டின்களும் 3-2 என்று பிரிந்திருந்தால் (அதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 68) 10 பிடி கையில்.

கூட்டாளியின் கை இப்படி இருந்தால்?

இஸ்பேடு: 8, 5
ஆட்டின்: 7, 2
டைமண்ட்: ராஜா, ராணி, 6, 3
கிளாவர்: ராஜா, ஜாக்கி, 9, 7, 4

இதுவும் 9 புள்ளியே. உங்கள் '1 இஸ்பேடு'க்கு அவர் '1 துருப்பில்லா' என்கிறார்: 'புள்ளி 6 முதல் 9, உங்கள் இனத்தில் எனக்குப் பிடிப்பில்லை.' நீங்கள் '2 ஆட்டின்' என்று அடுத்த இனத்தைக் காட்டுகிறீர்கள். அவர் '2 இஸ்பேடு' என்று முன்னதற்கே திரும்புகிறார். இரண்டிலும் அவருக்கு ஆர்வமில்லை என்று விளங்கிவிட்டது. 'பாஸ்' சொல்லி நிறுத்துகிறீர்கள். அவருடைய கிளாவர் ராஜாவும் ஜாக்கியும் உங்கள் ஒற்றை 5-க்கு எதிரே வீணாக நிற்கின்றன. 8 பிடி கிடைத்தாலே மகிழ வேண்டியதுதான். புள்ளியை மட்டும் கூட்டியிருந்தால் இரண்டு இடத்திலும் 11+9=20 என்றுதானே வந்திருக்கும்?

எந்த ஏல முறை சிறந்தது என்று சோதிப்பது எப்படி? 1931 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் நியூயார்க்கில் ஈலி கல்பர்ட்சனும் சிட்னி லென்ஸும் தத்தம் முறைக்காக 150 ரப்பர்கள் மோதினார்கள். பத்திரிகைகள் ஒரே அமளிப்படுத்தின. கல்பர்ட்சன் 8,980 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். என் கருத்தில் அது சரியான சோதனையன்று. இரு தரப்புக்கும் வந்த சீட்டுகள் வேறு வேறு. இரண்டு செடிகளுக்கு வெவ்வேறு மண்ணைப் போட்டுவிட்டு உரத்தை ஒப்பிடுவது போன்றது அது. இன்று பெரிய போட்டிகளில் ஒரு மேசையில் ஆடிய அதே நான்கு கைகளை அப்படியே மற்றொரு மேசையில் வேறு நால்வருக்குத் தருகிறார்கள். அங்கே உங்கள் அணியினர் எதிர்ப்பக்கச் சீட்டுகளை ஆடுவார்கள். சீட்டின் அதிர்ஷ்டம் இரு அணிகளுக்கும் சமமாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஒரு சீட்டுக்கட்டை எடுத்து இப்படிப் பிரித்து வையுங்கள்.

தெற்கு (நீங்கள்): டைமண்ட் ராணி, 8, 7, 6, 5, 4, 3, 2, கிளாவர் ஏஸ், ராணி, 10, 8, 4
வடக்கு (கூட்டாளி): இஸ்பேடு 10, 9, 8, 7, ஆட்டின் 6, 5, 4, 3, கிளாவர் 7, 6, 5, 3, 2
கிழக்கு: இஸ்பேடு ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, ஆட்டின் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, டைமண்ட் ஏஸ், ராஜா, கிளாவர் ராஜா, ஜாக்கி, 9
மேற்கு: இஸ்பேடு 6, 5, 4, 3, 2, ஆட்டின் 10, 9, 8, 7, 2, டைமண்ட் ஜாக்கி, 10, 9

கம்பர்லாந்து கோமகன் பெயரால் பழங்காலம் முதல் பேசப்படும் ஒரு கையின் வடிவம் இது. இத்தகைய கையை இயான் ஃபிளெமிங் 1955-இல் ஒரு நாவலிலும் வைத்தார். வேண்டுமென்றே அடுக்கிய சீட்டுதான். கிழக்கிடம் 31 புள்ளி, உங்களிடம் 8, கூட்டாளியிடம் பூச்சியம். ஆயினும் கிளாவர் துருப்பில் 13 பிடியும் உங்களுக்கே! மேற்கு டைமண்ட் ஜாக்கியை இறக்குகிறார். வடக்கில் வெட்டுங்கள், கிழக்கின் ராஜா விழும். வடக்கிலிருந்து கிளாவர் இறக்குங்கள். கிழக்கு 9 போட்டால் நீங்கள் 10. மீண்டும் ஒரு டைமண்டை வடக்கில் வெட்டுங்கள், கிழக்கின் ஏஸும் போய்விடும். மீண்டும் வடக்கிலிருந்து கிளாவர், ஜாக்கிக்கு ராணி. பிறகு கிளாவர் ஏஸ், கிழக்கின் ராஜாவும் விழுந்துவிடும். டைமண்ட் ராணி மேற்கின் கடைசி 9-ஐ வாங்கிவிடும். மீதி எல்லாம் உங்களுடையவை. மேற்கு டைமண்டுக்குப் பதிலாக இஸ்பேடு இறக்கினாலும் 13-தான். அப்போது முதல் வெட்டு எந்தக் கையில் என்பதை நீங்களே ஆடிப் பாருங்கள்.